காலணாவைப் புளி போட்டுத் துலக்கலாமா?

"அவன் ஒரு செல்லாக்காசு", "சல்லிக்காசு பெறாது", "ஓட்டைக் காலணாவுக்குக்கூட லாயக்கில்லை". தமிழில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் காசுக்குப் பஞ்சமே இல்லை! மதுரைக்குத் தெற்கே பணத்துக்குப் பெயரே துட்டுதான். அந்தச் சொல் டச்சுக்காரர்களின் 'டாய்ட்' என்ற சின்னச் செப்புக் காசிலிருந்து வந்தது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். காசு செல்லாமல் போய் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வசவு மட்டும் செல்லுபடியாகிக் கொண்டிருக்கிறது.

விருதுநகர், சிவகாசி பக்கம் பழைய வீடுகளில் இந்தக் காசுகள் இன்னமும் கிடைக்கின்றன. பாட்டியின் டிரங்குப் பெட்டி, அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டு, சாமி அலமாரியில் இருக்கும் குங்குமச் சிமிழ், தாத்தா கடையின் பழைய கல்லாப்பெட்டி. கிடைத்தவுடன் எல்லோரும் செய்கிற முதல் காரியம் ஒன்று உண்டு. கொஞ்சம் புளியை எடுத்துத் தேய் தேய் என்று தேய்ப்பது. ஐந்து நிமிடத்தில் கறுத்துக் கிடந்த ராஜா பளபளவென்று வந்துவிடுவார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

நாணயம் சேகரிக்கிறவர் யாராவது அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தால் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஏன்? அதைப் புரிந்துகொள்ள அந்தக் காசின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி

முதலில் கணக்கு. 1 ரூபாய்க்கு 16 அணா. 1 அணாவுக்கு 4 காலணா. 1 காலணாவுக்கு 3 தம்பிடி. ஆக ஒரு ரூபாய் என்பது 64 காலணா, அல்லது 192 தம்பிடி. காலணாவில் பாதியாக அரைப் பைசா என்று ஒரு காசும் இருந்தது. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இதை வைத்துக்கொண்டு வட்டிக் கணக்கு போட்ட கணக்கப்பிள்ளைகளை நினைத்தால் கைகூப்பத் தோன்றும்.

1835ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி நாணயம் கொண்டுவந்தது. 1862 முதல் விக்டோரியா ராணியின் தலை போட்ட செப்புக் காசுகள் வந்தன. 1877 முதல் அதே காசில் 'ராணி' என்ற பட்டம் 'பேரரசி' என்று மாறியது.

அதுவரை இவை செம்புக் காசுகள். பிரிட்டனில் 1860ஆம் ஆண்டிலேயே செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறிவிட்டார்கள். செம்பு மென்மையான உலோகம், சீக்கிரம் தேயும். அதில் 100க்கு 4 பங்கு வெள்ளீயமும் 1 பங்கு துத்தநாகமும் சேர்த்தால் உறுதியாகிவிடும். உறுதியாகிவிட்டால் காசை மெல்லிதாகவும் அடிக்கலாம். அங்கே சுமார் 18.8 கிராம் இருந்த செம்புப் பென்னி, வெண்கலமானதும் 9.4 கிராமாக, சரிபாதியாகக் குறைந்தது.

இந்தியாவுக்கு அந்த மாற்றம் 46 ஆண்டுகள் கழித்து, 1906ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. அப்போது ஏழாம் எட்வர்ட் அரசர். 6.48 கிராம் எடையிருந்த செப்புக் காலணா 4.86 கிராம் வெண்கலக் காலணா ஆனது. மூன்று காசு அடித்த உலோகத்தில் இப்போது நான்கு காசு அடிக்கலாம். காசின் முகமதிப்பு அதேதான், உள்ளே இருக்கும் உலோகத்தின் மதிப்பு மட்டும் குறைவு. வணிகவியல் மாணவர்களுக்கு இந்த வித்தியாசம் யாருடைய பைக்குப் போகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளீயம் கொஞ்சமே என்பதால் பார்வைக்கு அது செம்பு போலத்தான் இருந்தது. மக்களும் கடைசிவரை அதைச் செப்புக்காசு என்றேதான் சொன்னார்கள்.

'பூவா தலையா' போடுவதற்கு அந்தக் காலணா கச்சிதமான காசு. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் பூ வளையம். வளையத்துக்குள் மதிப்பும் ஆண்டும் ஆங்கிலத்தில் மட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக அடித்த செப்புக் காசுகள் சிலவற்றில் தமிழும் தெலுங்கும் இருந்தன. பின்னாளில் வந்த நிக்கல் கலந்த ஓரணாவில் உருது, இந்தி, வங்காளம், தெலுங்கு எல்லாம் இருந்தன. தமிழ் இல்லை!

கல்லாவும் கூலியும்

1906இல் விருதுநகருக்கு விருதுபட்டி என்று பெயர். 1923இல்தான் பெயர் மாறியது. மதுரை - தூத்துக்குடி ரயில் பாதையில் இருந்த ஊர், பருத்தி, மிளகாய், பருப்பு, எண்ணெய் என்று வியாபாரத்தால் வளர்ந்த ஊர். இங்கே நாடார் உறவின்முறை வியாபாரிகளிடம் மகமை வசூலித்தது. வியாபாரத்தில் ஒரு சின்னப் பங்கைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்குவதுதான் மகமை. அப்படிச் சேர்ந்த சின்னச் சின்னக் காசுதான் பள்ளிக்கூடமாகவும் கிணறாகவும் மாறியது. அந்தப் பணத்தில் நடந்த சத்திரிய வித்யாசாலாவில்தான் 1903இல் பிறந்த காமராஜர் படித்தார். சிறுவயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு நின்றார். அந்தக் கடையின் கல்லாவில் விக்டோரியா செம்பும் எட்வர்ட் வெண்கலமும் ஜார்ஜ் வெண்கலமும் கலந்துதான் கிடந்திருக்கும்.

பக்கத்துச் சிவகாசி வறண்ட பூமி. மழையை நம்பி விவசாயம் செய்ய முடியாத ஊர். 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதற்குப் பிறகு தீப்பெட்டி, மத்தாப்பு, பட்டாசு, அச்சகம் என்று ஒவ்வொன்றாக வந்தன. விவசாயத்துக்கு ஆகாத அதே வறட்சிதான் தீக்குச்சி காய்வதற்கு உதவியது.

தீப்பெட்டி வேலையில் பெரும்பகுதி பெண்களும் குழந்தைகளும் செய்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். கணக்கு குரோஸில், அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. அதற்கான கூலி அணாவிலும் தம்பிடியிலும்தான் வந்தது. பெரிய முதலாளிகளின் வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. திண்ணையில் பெட்டி ஒட்டியவர்கள் எந்த நோட்டிலும் தங்கள் பெயரை எழுதி வைக்கவில்லை. அவர்கள் கைபட்டு மிஞ்சியிருக்கும் பொருள்களில் ஒன்று இந்தக் காசு. மாவுப்பசையும் வியர்வையும் பட்டு, முந்தானை முடிச்சில் கிடந்து, பெட்டிக்கடைக்கும் சந்தைக்கும் போய்வந்து தேய்ந்த காசு.

யுத்தம் போட்ட ஓட்டை

இரண்டாம் உலகப் போரின்போது செம்புக்குத் தட்டுப்பாடு. குண்டுக்கும் தோட்டாவுக்கும் செம்பு வேண்டும். சில்லறையை மக்களும் பதுக்க ஆரம்பித்தார்கள். பல இடங்களில் மீதிச் சில்லறைக்குப் பதிலாகத் தபால்தலை கைமாறியது. 1942ஆம் ஆண்டோடு பழைய காலணா நின்றது. 1943இல் நடுவில் பெரிய ஓட்டை போட்ட புதுப் பைசா வந்தது. எடை சுமார் 2 கிராம்தான். 1906 காலணாவில் பாதிகூட இல்லை!

அதில் ராஜாவின் முகமும் இல்லை, ஒரு கிரீடம் மட்டும்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில்தான் ஓட்டை இருக்கிறதே. இதுதான் ஓட்டைக் காலணா. குழந்தைகள் நூலில் கோத்து விளையாடினார்கள். பெரியவர்கள் போல்ட்டுக்கு வாஷராகப் போட்டார்கள். 1947 வரை இந்தக் காசு அடிக்கப்பட்டது. 1950இல் குடியரசின் புதுக்காசுகள் வந்தன, பைசாவில் பாயும் குதிரை இடம்பிடித்தது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற கணக்கு வந்ததும் அணாவின் கதை முடியத் தொடங்கியது.

காசுக்கும் மார்க் உண்டு

சரி, இப்போது சேகரிப்பாளரின் மேசைக்கு வருவோம். ஒரு பழைய காசு என்ன விலை போகும் என்பதைத் தீர்மானிப்பவை முக்கியமாக மூன்று. எத்தனை காசுகள் மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள், காசு எந்த நிலையில் இருக்கிறது. இந்த மூன்றாவதைத்தான் கிரேடிங் என்கிறார்கள்.

1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் காசுகளுக்கு 1 முதல் 70 வரை மார்க் போடும் முறையை உருவாக்கினார். அது முதலில் அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சென்ட்டுகளுக்காக ஏற்பட்டதுதான். இன்று உலகம் முழுவதும் எல்லாக் காசுக்கும் அதே அளவுகோல். 1 என்றால் என்ன காசு என்று மட்டும் தெரியும். 60க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே வராத புதுக்காசு. பிரிட்டிஷ் முறையில் எண் கிடையாது. ஃபேர், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் என்று படிப்படியாகப் போகும்.

ஐந்தாம் ஜார்ஜ் காலணாவை எடுத்துக்கொண்டால், உயரமான இடங்கள்தான் முதலில் தேயும். கிரீடத்தின் மேலுள்ள கற்கள், காது, மீசை, தாடி, தோளில் கிடக்கும் சங்கிலி என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். கிரீடத்தின் கற்களை எண்ண முடிந்தால் நல்ல காசு. கிரீடம் வெறும் தொப்பி மாதிரி வழுவழுவென்று இருந்தால் நிறைய ஊர் சுற்றிய காசு. ஆண்டுக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய் அச்சகம், ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா.

இதில் 1911ஆம் ஆண்டுக் காசுக்குத் தனி மவுசு. ராஜாவின் அங்கியில் இருந்த யானை உருவம் பார்ப்பதற்குப் பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. முஸ்லிம்கள் அந்த ரூபாயைத் தொட மறுத்தார்கள். 1912 முதல் யானையின் உருவத்தைத் தெளிவாகத் திருத்தி அடித்தார்கள். ரூபாயில் கிளம்பிய பிரச்சினை என்றாலும் அந்த ஆண்டின் காலணாவிலும் அதே பழைய உருவம்தான்.

மார்க் போடுவதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தக் காசு ஒரு பொருளும் வாங்காமல் சும்மா கிடந்ததோ, அதற்குத்தான் முதல் ரேங்க்! 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. அது ஏற்றி வந்தது சென்னை மாகாணத்துக்கென்று பர்மிங்காமில் 1808இல் அடித்த 10 காசு, 20 காசு செப்பு நாணயங்கள். 1980களில் லட்சக்கணக்கில் அவற்றை வெளியே எடுத்தார்கள். சென்னைக்கு வந்து சேராததால் அவற்றில் பல இன்றும் எழுத்து மழுங்காமல் இருக்கின்றன. ஒழுங்காக வந்து சேர்ந்து நம் தாத்தாக்களின் கையில் புழங்கிய காசுகளோ தேய்ந்து வழுக்கையாகி மார்க் குறைந்து நிற்கின்றன. உழைத்ததற்குத் தண்டனை.

புளி என்ன செய்கிறது?

செம்பும் வெண்கலமும் காற்றோடு சேர்ந்து மேலே மெல்லிய பழுப்புப் படலம் ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அது அழுக்கு அல்ல. காசு தனக்குத்தானே போர்த்திக்கொண்ட போர்வை. உள்ளே இருக்கும் உலோகத்தை அது காப்பாற்றுகிறது. புளியிலும் எலுமிச்சையிலும் இருக்கும் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். சாம்பலும் செங்கல்பொடியும் உலோகத்தையே சுரண்டும். கிடைப்பது வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு காசு. அதன் எழுத்துகளும் கொஞ்சம் மழுங்கியிருக்கும். கிரேடிங் செய்யும் நிறுவனங்கள் இப்படிப்பட்ட காசுக்கு எண் மார்க்கே போடாமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடும். பித்தளைக் குடத்துக்குப் புளி அமிர்தம். காசுக்கு அது விஷம்.

சிவகாசி வட்டாரத்தின் வறண்ட காற்று காசுக்கு நல்லது. ஈரம் இல்லையென்றால் பாதிப் பிரச்சினை இல்லை. ஆனால் இங்கே இன்னொரு எதிரி உண்டு. கந்தகம். கரிமருந்து என்பதே வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்ததுதானே. செம்பைக் கந்தகம் பிடித்தால் கன்னங்கரேல் என்று ஆக்கிவிடும். மருந்துத்தூள் ஒட்டிய வேலைத்துணியையும் காசு டப்பாவையும் ஒரே பீரோவில் வைக்கக் கூடாது. தீபாவளிப் புகை வீட்டுக்குள் வரும் நாட்களில் டப்பாவை மூடியே வைக்க வேண்டும். காசுகளைக் கட்டி வைக்கும் ரப்பர் பேண்டிலும் கந்தகம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வெகுநாள் சுற்றியிருந்தால் காசின் மேல் கறுப்புக் கோடு விழும்.

மற்றபடி பாதுகாப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை:

- காசை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். விரல் வியர்வையில் உப்பு உண்டு.
- மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும்.
- பி.வி.சி. கவர் கூடாது. நாளடைவில் அதிலிருந்து அமிலம் கசிந்து காசின் மேல் பச்சைப் பிசுக்கு படியும். மைலார் கவர் நல்லது.
- செய்தித்தாளில் பொட்டலம் கட்டக் கூடாது. அந்தக் காகிதத்திலும் அமிலம் உண்டு.
- டப்பாவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். அவ்வப்போது மாற்ற வேண்டும்.
- வெளிர்பச்சை நிறத்தில் பொடி உதிர்ந்தால் அது 'வெண்கல நோய்'. உப்பும் ஈரமும் சேர்ந்து காசை உள்ளேயிருந்து தின்கின்றன என்று அர்த்தம். அந்தக் காசை உடனே தனியாகப் பிரித்து உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கெட்டியாக ஒட்டிய கரும்பச்சை வேறு, அதை அப்படியே விட்டுவிடலாம்.

லட்ச ரூபாய்க் காலணா

"உங்களிடம் பழைய காசு இருக்கிறதா? லட்சக்கணக்கில் தருகிறோம்" என்று வரும் விளம்பரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் வரி, கமிஷன் என்று முன்பணம் கேட்பார்கள். கட்டியவுடன் ஆளைக் காணோம். ரிசர்வ் வங்கியின் பெயரையே இப்படிப் பயன்படுத்தியதால், தாங்கள் இதில் ஈடுபடுவதும் இல்லை, கமிஷன் கேட்பதும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. ராமர், அனுமன் படம் போட்டு 1818 என்று ஆண்டு பொறித்த கம்பெனிக் காசுகளும் உலாவுகின்றன. அப்படி ஒரு காசைக் கம்பெனி வெளியிடவே இல்லை. அரிசியை இழுக்கும் சக்தி அதற்கு உண்டு என்று சொல்லி ஏமாற்றும் கும்பல்களும் உண்டு. ஜார்ஜ் காலணாக்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. தேய்ந்த சாதாரணக் காசு ஒன்று சில பத்து ரூபாய்க்கு மேல் போகாது என்பதுதான் உண்மை.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளைத் தாண்டிய காசு தொல்பொருள். வெளிநாட்டுக்குத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. 1906இல் வந்த முதல் வெண்கலக் காலணா எப்போதோ அந்த வயதைத் தாண்டிவிட்டது. மண்ணுக்கடியில் புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஒரு துண்டுச் சீட்டு

விலை இல்லையென்றால் பிறகு எதற்கு இவ்வளவு பாடு? பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

தேய்ந்த காலணாவுக்கு ஷெல்டன் அளவுகோலில் மார்க் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது யாருடைய பெட்டியில், எந்தத் தெருவில், எந்தக் காசுகளோடு சேர்ந்து கிடந்தது என்பது தெரிந்தால் அந்தக் காசு பேச ஆரம்பிக்கும். ஒரு பாட்டியின் சுருக்குப்பையில் 1862 செம்பும் 1936 வெண்கலமும் 1944 ஓட்டைக் காசும் ஒன்றாகக் கிடந்தால், மூன்று தலைமுறையின் சேமிப்பு அந்தக் குடும்பத்தில் எப்படிக் கைமாறியிருக்கும் என்ற கேள்விக்கு அதுவே தொடக்கம். அந்த விவரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பது தொண்ணூறு வயதில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பலர் போய்விட்டார்கள்.

ஆகவே அடுத்த முறை டிரங்குப் பெட்டியில் காசு கிடைத்தால், புளியைக் குழம்புக்கே விட்டுவிடலாம். ஒரு துண்டுச் சீட்டை எடுத்து யாருடையது, எங்கே இருந்தது, எப்படி வந்தது என்று பென்சிலால் எழுதிக் காசோடு வைக்கலாம். தேய்ந்த முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. யார் கையில் தேய்ந்தது என்பதையாவது எழுதி வைக்க முடியும், அதுவும் பாட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான்.